ரெடிங்கின் ஹாப் இலை: சைமண்ட்ஸ் பீர் ஆலையும் அதன் ட்ரேக்களும்

இங்கிலாந்தின் பழைய பீர் ட்ரேக்களை, அதாவது ஆலைகள் தங்கள் பெயர் பொறித்துக் கொடுத்த பரிமாறும் தட்டுகளை, சேர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில்தான் முட்டிக்கொள்கிறார்கள்: இது எந்தக் காலத்துத் தட்டு? ட்ரேயில் ஆண்டு போடும் வழக்கம் அநேகமாக இல்லை. பார்க்கப் பழசாக இருக்கிறது என்பதெல்லாம் சாட்சியாகாது. ஈரக் கொட்டகையில் பத்து வருடம் கிடந்தால் எந்தத் தகரத்துக்கும் கிழட்டுத்தனம் வந்துவிடும். நம்பக்கூடிய சாட்சி தட்டின் மேலுள்ள எழுத்துதான். ஆலையின் சட்டப்பெயர், கிளை ஊர்கள், யாரோடு இணைந்தது என்பதற்கெல்லாம் தேதி உண்டு. ஆனால் அந்தத் தேதி ஒரு பக்கம்தான் பேசும். ‘இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது’ என்று அடித்துச் சொல்லும். ‘இதற்குப் பின்னால் செய்திருக்க முடியாது’ என்று சொல்லாது. விற்பனைக் குறிப்புகளில் வரும் தவறான தேதிகளில் பெரும்பகுதி இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வருவது.

இங்கே எடுத்துக்கொள்வது பெர்க்‌ஷயரின் ரெடிங் நகரில் இருந்த ஹெச் அண்ட் ஜி சைமண்ட்ஸ் ஆலை. வட்டார ஆலையாகத் தொடங்கி, ராணுவத்தைப் பின்தொடர்ந்து கடல் கடந்து, கடைசியில் பெரிய நிறுவனத்துக்குள் கரைந்துபோன ஆலை இது. பெயர் பலமுறை மாறியிருப்பதால் தட்டுகளைக் காலவரிசையில் அடுக்கிப் பார்க்க இதைவிடத் தோதான உதாரணம் கிடைப்பது அரிது.

ஆலையின் கதை

18ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில், 1785 வாக்கில், வில்லியம் பிளாக்கால் சைமண்ட்ஸ் தொழிலைக் கையில் எடுத்தார். சில ஆண்டுகளில் கென்னட் ஆற்றங்கரையில் பிரிட்ஜ் தெருவுக்கு ஆலை மாறியது. அங்கே வீட்டையும் ஆலையையும் வடிவமைத்தவர் சர் ஜான் சோன், லண்டனில் பாங்க் ஆஃப் இங்கிலாந்து கட்டடத்துக்குப் பெயர்பெற்ற அதே சோன். பீர் காய்ச்சுபவர் இப்படி ஒரு கட்டடக் கலைஞரைப் பிடித்திருக்கிறார் என்றால், குடும்பத்தின் கைவசம் இருந்த பணத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதே வில்லியம் ஊரில் ஒரு வங்கியிலும் கூட்டாளியாக இருந்தார்.

1830இல் வந்த பீர் சட்டம் ஆலைகளுக்குப் பெரிய திறப்பு. இரண்டு கினி (அன்றைய ஆங்கிலப் பணக் கணக்கு) கட்டணம் கட்டினால் வரி செலுத்தும் வீட்டுக்காரர் எவரும் பீர் விற்கலாம் என்றானது. மகன் பிளாக்கால் சைமண்ட்ஸ் அந்த அலையில் கடைகளைப் பெருக்கினார். 1840இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில் ரெடிங்கைத் தொட்டது. 1850களில் ஆல்டர்ஷாட்டில் ராணுவ முகாம் எழுந்தது. பீப்பாய்களை ரயிலில் ஏற்றி முகாமுக்கு அனுப்ப ரெடிங் சரியான தூரத்தில் இருந்தது. சிப்பாய்களின் கேண்டீன் வியாபாரம்தான் இந்த ஆலையை மற்ற வட்டார ஆலைகளிலிருந்து பிரித்துக் காட்டிய விஷயம். படை போன இடமெல்லாம் பீரும் போனது. ஜிப்ரால்டரிலும் மால்டாவிலும் கிளைகள் வந்தது அந்த வழியில்தான்.

நிறுவனப் பெயரிலுள்ள ‘ஹெச்’ ஹென்றி, ‘ஜி’ ஜார்ஜ். 1885இல் அது லிமிடெட் கம்பெனியாகப் பதிவானது. ட்ரே சேர்ப்பவருக்கு முதல் உறுதியான ஆணி இந்த ஆண்டுதான்.

இடையில் ஒன்று. இந்தக் குடும்பத்தில் ஜார்ஜ் பிளாக்கால் சைமண்ட்ஸ் என்றொரு சிற்பி இருந்தார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பருந்து ஏந்தி நிற்கும் ‘ஃபால்கனர்’ சிலை அவருடையது. 1880இன் மைவாண்ட் சண்டை உட்பட 1878–80 ஆப்கானிஸ்தான் போரில் மாண்ட 66ஆவது பெர்க்‌ஷயர் படைப்பிரிவினர் 329 பேரின் நினைவாக, ரெடிங் ஃபோர்பரி பூங்காவில் 1886இல் எழுந்த வார்ப்பிரும்புச் சிங்கமும் அவருடையது. பிற்காலத்தில் குடும்ப ஆலையின் தலைவராகி, 1929இல் இறக்கும்வரை இருந்தார். சிங்கம் ட்ரேயில் ஏறவில்லை. ஏறியது சிவப்பு ஹாப் இலை, பீருக்குக் கசப்புத் தரும் ஹாப் கொடியின் இலை.

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க சைமண்ட்ஸ் சின்ன ஆலைகளை விழுங்கிக்கொண்டே வந்தது. 1919இல் டெவன்போர்ட்டில் டாமர் ஆலை, 1947இல் பேசிங்ஸ்டோக்கின் மே ஆலை, 1949இல் வேல்ஸின் நியூபோர்ட்டில் பிலிப்ஸ் ஆலை என்று பட்டியல் நீளும். வாங்கிய ஒவ்வொரு ஆலையோடும் அதன் பப்களும் (மதுக்கடைகளும்) வந்தன. ஆலையே பப்பின் சொந்தக்காரன் என்ற இங்கிலாந்து முறையில், பப்பைச் சொந்தமாக வைத்திருக்கும் ஆலைக்குத்தான் சரக்கு விற்கும். ஆகவே ட்ரே, சாம்பல் கிண்ணம், தண்ணீர்க் கூஜா எல்லாம் ஆலையே தன் பெயர் பொறித்துக் கொடுத்தது. பொது பாரில் வாடிக்கையாளர் கவுண்டரில் நின்று வாங்கிக்கொள்வார். லவுஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிளாஸ் தட்டில் போகும். 

1960இல் கரேஜ் அண்ட் பார்க்ளே என்ற பெரிய பீர் நிறுவனத்தோடு இணைந்து ‘கரேஜ், பார்க்ளே அண்ட் சைமண்ட்ஸ்’ ஆனது. 1970இல் மற்ற இரண்டு பெயர்களும் உதிர்ந்து வெறும் ‘கரேஜ்’ மிஞ்சியது. 1972இல் இம்பீரியல் டொபாக்கோ கரேஜையே வாங்கியது. பிரிட்ஜ் தெரு ஆலையை மூடிவிட்டு, நகரின் தெற்கே எம்4 நெடுஞ்சாலை ஓரம் கட்டிய புது ஆலைக்கு வேலை மாறியது. அந்தப் புது ஆலையும் 2010இல் மூடப்பட்டது. பழைய ஆலை இருந்த இடத்தில் 1999 முதல் ஆரக்கிள் வணிக வளாகம்.

இலை மட்டும் சாகவில்லை. மால்டாவில் ஃபருஜியா குடும்பத்தின் ஆலையோடு 1929இல் சைமண்ட்ஸின் மால்டா கிளை இணைந்து ‘சைமண்ட்ஸ்–ஃபார்சன்ஸ்’ உருவானது. 1948இல் சிஸ்க் லாகர் காய்ச்சிய மால்டா எக்ஸ்போர்ட் ஆலையும் சேர்ந்து ‘சைமண்ட்ஸ் ஃபார்சன்ஸ் சிஸ்க்’ ஆனது. ‘ஹாப்லீஃப்’ என்ற பெயரில் பேல் ஏல் அங்கே இன்றும் காய்ச்சப்படுகிறது. ரெடிங்கில் பிறந்த சின்னம் ரெடிங்கில் இல்லை, மத்தியதரைக் கடல் தீவில் இருக்கிறது. சேகரிப்பாளருக்கு இது வெறும் சுவாரசியம் அல்ல, நேரடித் தொல்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

தட்டு செய்த விதம்: எனாமலும் லித்தோவும்

பழைய பீர் ட்ரேக்கள் முக்கியமாக இரண்டு வகை: கண்ணாடிப் பூச்சைச் சுட்டு ஒட்டவைத்த எனாமல், கல் அச்சு முறையில் தகரத்தில் அடித்த லித்தோ. இரண்டும் செய்யும் வரிசையே தலைகீழ். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

எனாமல் ட்ரேயில் முதலில் இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தித் தட்டாக்குவார்கள். தகடு சுமார் 0.7 முதல் 1 மி.மீ. தடிமன், கார்பன் குறைந்த எஃகு. அமிலத்தில் கழுவி, கோபால்ட் ஆக்சைடு கலந்த கருநீல அடிப்பூச்சு பூசி, சுமார் 800–850 டிகிரி செல்சியஸில் சூளையில் சுடுவார்கள். இரும்போடு கண்ணாடியைப் பிடிக்கவைப்பது அந்தக் கோபால்ட். அதன்மேல் வெள்ளைப் பூச்சு, மறுபடி சூளை. பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பூச்சு: நிறத்தூளைப் பூசி உலரவைத்து, வெட்டுத்தகடு வைத்து, வேண்டாத இடத்தைத் துலக்கித் தள்ளி, மறுபடி சுடுவது. சிவப்பு கடைசியில்தான் வரும், அதுவும் குறைந்த சூட்டில். காட்மியம்–செலினியம் சிவப்பு சூடு அதிகமானால் கருகிப் புள்ளி விழும். சிவப்பு இலையைச் சின்னமாக வைத்த ஆலைக்கு ட்ரே செய்தவன் சூளை முன்னால் கொஞ்சம் கவனமாகவே இருந்திருப்பான்.

லித்தோ ட்ரேயில் முதலில் அச்சு, பிறகுதான் வடிவம். 0.25–0.35 மி.மீ. தகரத்தைத் தட்டையாக வைத்தே எல்லா நிறமும் அச்சடித்து, ஒவ்வொன்றையும் அடுப்பில் உலர்த்தி, மேலே வார்னிஷ் அடித்து, அதன்பிறகு பிரஸ்ஸில் அழுத்துவார்கள். கல்லிலிருந்து நேராகத் தகரத்தில் அடித்தால் மை சரியாக ஒட்டாது. இடையில் ஒரு உருளையில் மையை ஏற்றி அங்கிருந்து தகரத்துக்கு மாற்றும் ஆஃப்செட் முறைக்கு பார்க்ளே அண்ட் ஃப்ரை அச்சு நிறுவனத்தார் 1875இல் காப்புரிமை பெற்றார்கள். பிஸ்கட் டப்பாக்களை வளர்த்தது இந்த முறை. அதே ரெடிங்கில் ஹண்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட்டுக்கு டப்பா செய்த ஆலையும் இருந்ததால், அச்சடித்த தகரம் அந்த ஊர்க் கண்ணுக்குப் பழகிய பொருள்.

அச்சுக்குப் பின் அழுத்துவதால் விளிம்புச் சுவர் ஏறும் இடத்தில் தகரம் இழுபடும். ஓவியன் அதை முன்கூட்டியே கணக்கிட்டு எழுத்தைக் குறுக்கியோ அகட்டியோ வரைந்திருக்க வேண்டும். நல்ல லித்தோ ட்ரேயின் விளிம்பு எழுத்தை பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், வளைவு தொடங்கும் இடத்தில் வார்னிஷில் மயிரிழை விரிசல்கள் வரிசையாகத் தெரியும். அது குறை அல்ல, செய்முறையின் கையெழுத்து.

எடை போட்டாலே இரண்டும் பிரிந்துவிடும். 12 அங்குல வட்ட லித்தோ ட்ரே சுமார் 200–250 கிராம். அதே அளவு எனாமல் 500 கிராமைத் தாண்டும். காந்தம் இரண்டிலும் ஒட்டும். ஒட்டாவிட்டால் அலுமினியம், அது பெரும்பாலும் பிற்காலச் சரக்கு.

இன்னொரு சோதனை நிறத்தில் இருக்கிறது. எனாமல் நிறம் சுட்ட கண்ணாடி, வெயிலில் வெளுக்காது. லித்தோவின் சிவப்பு மை வெளுக்கும், எல்லா நிறத்துக்கும் முந்தி வெளுக்கும். ஹாப் இலை வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தால் அது ஜன்னலோரம் மாட்டிவைத்த லித்தோ. கருப்பும் பச்சையும் அழுத்தமாக இருக்கச் சிவப்பு மட்டும் போயிருப்பது இயல்பான வயது. எல்லா நிறமும் ஒரே அளவில் மங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். யாரோ வேண்டுமென்றே தேய்த்திருக்கலாம், அல்லது மங்கிய படத்தைப் பார்த்து மறு அச்சு அடித்திருக்கலாம்.

ஒரு தட்டைப் படிப்பது

12 அங்குல வட்டத் தட்டு ஒன்று கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் ‘ஹெச் அண்ட் ஜி சைமண்ட்ஸ் லிமிடெட், ரெடிங்’, நடுவில் சிவப்பு இலை, எடை 230 கிராம், பின்புறம் கருப்பு. விற்பவர் ‘விக்டோரியா காலத்து எனாமல்’ என்கிறார்.

எனாமல் என்பது எடையிலேயே அடிபட்டுப்போகிறது. விக்டோரியா காலம் (1837–1901) என்பதற்கு எழுத்தில் என்ன ஆதாரம்? ‘லிமிடெட்’ இருப்பதால் 1885க்கு முன்னால் போக முடியாது, அவ்வளவுதான். அதே ‘லிமிடெட்’ 1959இலும் சரியான பெயரே. ஆக எழுத்து மட்டும் தரும் இடைவெளி முக்கால் நூற்றாண்டு. அதைக் குறுக்க வேறு சாட்சிகள் தேவை.

முதலில் ஊர்ப் பெயர்கள். விளிம்பில் டெவன்போர்ட் ஆலையும் இருந்தால் தொடக்கம் 1919க்கு நகர்கிறது. நியூபோர்ட் இருந்தால் 1949. ஆனால் ஊர்ப் பெயர் இல்லாதது எதையும் நிரூபிக்காது. தட்டில் இடம் குறைவு, எல்லா ஊரையும் யாரும் எழுதவில்லை.

அடுத்தது சரக்கின் பெயர். ‘மில்க் ஸ்டவுட்’ (பால் சர்க்கரை சேர்த்த கருப்பு பீர்) என்று இருந்தால் ஒரு துப்பு. ரேஷன் காலத்தில், 1946இல், பால் இல்லாத பானத்துக்குப் பால் என்ற பெயர் வேண்டாம் என்று அரசுத் தரப்பில் ஆலைகளிடம் சொன்னார்கள். அதனால் அந்தச் சொல் அதற்கு முந்திய காலத்தைச் சுட்டும். சுட்டுமே தவிர உறுதி செய்யாது. கிடங்கில் இருந்த பழைய தட்டை எந்தக் கடைக்காரரும் அரசு சொன்ன அன்றே எறிந்திருக்க மாட்டார்.

மூன்றாவது, தட்டு செய்தவரின் குறி. பின்புறத்திலோ, முன்பக்க விளிம்பின் அடி ஓரத்தில் ஒன்றரை மி.மீ. உயர எழுத்திலோ இருக்கும். இதைத்தான் அழுக்கு முதலில் மூடும். ஆகவே கழுவும் முன்பே சாய்ந்த வெளிச்சத்தில் தேடிப் படம் எடுத்துவிடுவது நல்லது. செய்தவரின் நிறுவனமும் பெயர் மாறி, முகவரி மாறி வந்திருக்கும். ஆலையின் தேதியைவிட அந்தக் குறிதான் பல தட்டுகளில் இடைவெளியை அதிகம் குறுக்கும். பெயருக்குப் பின்னால் தெருவும் ஊரும் இருந்தால் பழைய வணிகக் கையேடுகளில் அந்த முகவரியைத் தேடலாம்.

‘கரேஜ், பார்க்ளே அண்ட் சைமண்ட்ஸ்’ என்று எழுதிய தட்டு 1960க்கு முன் வந்திருக்க வாய்ப்பே இல்லை. 1970க்குப் பின் புதிதாக அச்சடிக்கக் காரணமும் இல்லை. இவ்வளவு இறுக்கமான இடைவெளி இந்தப் பெயர் ஒன்றுக்குத்தான். வேடிக்கை என்னவென்றால் சேர்ப்பவர்கள் இதைத்தான் ‘புதுசு’ என்று ஒதுக்குகிறார்கள். தேதி உறுதியான பொருளுக்கு ஆவண மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

வெறும் ‘சைமண்ட்ஸ்’ என்று மட்டும் இருப்பதுதான் கடினம். 1960க்குப் பிறகு அந்தப் பெயர் ஒரே நாளில் மறைந்துவிட்டது என்று கொள்ள முடியாது. சரக்கின் பெயர், செய்தவர் குறி இரண்டும் இல்லாமல் இதற்கு ஆண்டு சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஏமாறும் இடங்கள்

மால்டா தட்டுகள் முதல் பள்ளம். இலை ஒன்றே, பெயரில் சைமண்ட்ஸும் இருக்கிறது, அதனால் ரெடிங் தட்டு என்று கைமாறுகின்றன. சைமண்ட்ஸோடு ‘ஃபார்சன்ஸ்’ என்ற சொல்லும் எங்கேயாவது இருந்தால் அது மால்டா, 1929க்குப் பின். ‘சிஸ்க்’கும் நிறுவனப் பெயரில் இருந்தால் 1948க்குப் பின். ‘ஹாப்லீஃப்’ என்பது பீரின் பெயராகவே பெரிதாக எழுதியிருந்தால், ரெடிங் என்ற சொல்லைத் தேடுங்கள். அது இல்லையென்றால் மால்டா என்றே வைத்துக்கொண்டு தொடங்கலாம். மால்டா தட்டு மட்டமானது என்று பொருள் இல்லை. விலை கேட்பவர் எதற்குக் கேட்கிறார் என்பது தெரிய வேண்டும், அவ்வளவே. இதுபோல ஆங்கில எழுத்துக்கூட்டில் இரண்டாம் எழுத்து ‘ஒய்’யாக இருக்கும் சைமண்ட்ஸ், ஹியர்ஃபோர்டுப் பக்கத்து ஆப்பிள் சைடர்க்காரர்கள். ரெடிங்கோடு உறவில்லை.

மறு அச்சுகள் அடுத்த பள்ளம். லென்ஸ் வைத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பழைய ஆலைத் தட்டுகளில் இலையின் சிவப்பு பொதுவாக ஒரே தனி மை, முழுமூச்சாகப் படிந்திருக்கும். இன்றைய மறு அச்சில் அதே சிவப்பு, மெஜந்தாவும் மஞ்சளுமாகச் சின்னப் புள்ளிகளாகப் பிரியும். எழுத்தின் ஓரமும் கத்தரித்ததுபோல் இருக்காது, பஞ்சாகத் தெரியும். பழைய படத்தை ஸ்கேன் செய்ததன் தடம் அது. ஒரு எச்சரிக்கை: பழைய தட்டுகளிலும் ஆள் முகம், நிலக்காட்சி போன்ற படங்களுக்குப் புள்ளி அச்சு உண்டு. ஆகவே சோதனையைப் படத்தில் செய்யாமல் எழுத்தில் செய்யுங்கள்.

தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதும் பேசும். பப்பில் உழைத்த தட்டில் நடுவில் கிளாஸ் அடிவட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருக்கும், கட்டைவிரல் படும் இரண்டு எதிரெதிர் விளிம்புகளில் வார்னிஷ் போயிருக்கும், பின்புறம் கவுண்டரில் இழுபட்ட நேர்கோட்டுக் கீறல்கள் இருக்கும். நடு பளபளவென்று இருக்க விளிம்பு மட்டும் சுற்றிலும் ஒரே சீராகத் துருப்பிடித்திருந்தால், அது பழசாகக் காட்ட யாரோ தடவிய உப்புத் தண்ணீரின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கழுவுவதும் காப்பதும்

தட்டைக் கெடுப்பது பீர் குறைவு, சுத்தம் செய்பவர் அதிகம். நம் வீட்டில் பித்தளைக்குப் புளி போடுகிற கை இங்கே சும்மா இருக்க வேண்டும். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அமிலம். துருவோடு சேர்த்து மையையும் தூக்கும். பற்பசையும் உலோகப் பாலிஷும் அரத்தூள் மாதிரி வார்னிஷை அரைத்துவிடும்.

லித்தோவுக்கு முதலில் உலர்ந்த மென்பிரஷ். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் 2–3 மி.லி. காரமில்லாத திரவ சோப்பு. பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, ஓரத்தில் ஒரு செ.மீ. இடத்தில் சோதியுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள், வார்னிஷ் போய்விட்டது என்று அர்த்தம். ஏறாவிட்டால் உள்ளங்கையளவு பகுதியாகத் துடைத்து, வெறும் நீரால் ஒருமுறை துடைத்து, உடனே உலர்த்தவும். ஊறவைக்கவே கூடாது. சுருட்டி மடித்த விளிம்புக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியே வராது, உள்ளிருந்து துரு வெடித்துக்கொண்டு வரும். லித்தோ ட்ரேக்கள் சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கடைசியில் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து விளிம்பைச் சுற்றி ஐந்து நிமிடம் காட்டுங்கள்.

அச்சே இல்லாத வெறும் இரும்பில் துரு இருந்தால் மட்டும் 0000 எண் ஸ்டீல் உல்லை மெல்லிய மெஷின் எண்ணெயில் தொட்டு, அழுத்தாமல் தேய்க்கலாம். எண்ணெயைத் துடைத்து எடுத்தபின் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, விரலில் ஒட்டுமளவு மெல்லியதாகப் பூசி, 20 நிமிடம் கழித்து மென்துணியால் துடைக்கவும். தடித்துப் பூசினால் வெண்மை படரும்.

எனாமலைக் கழுவப் பயம் குறைவு, கையாளத்தான் பயம். மேற்பூச்சு கண்ணாடி. விளிம்பு வளைந்தால் இரும்பு வளையும், கண்ணாடி வளையாது, சில்லு பெயரும். பெயர்ந்த இடத்தில் துரு பக்கவாட்டில் பூச்சுக்கு அடியில் நுழைந்து அடுத்த சில்லைத் தூக்கும். அந்த இடத்தை உலர்ந்த பிரஷால் தட்டி, 5 சதவீத டானிக் அமிலக் கரைசலை நுனிப் பிரஷால் தொட்டுவைத்து, ஒரு நாள் உலரவிட்டு, இன்னொரு முறை. இடம் கருநீலமாக மாறி நின்றுவிடும். மேலே பெயிண்ட் வேண்டாம். திருத்திய தட்டு புற ஊதா விளக்கில் திட்டுத் திட்டாகத் தெரியும், விலையும் இறங்கும். வளைந்த எனாமலைத் தட்டி நேராக்க முயல வேண்டாம்.

பழைய மையிலும் எனாமலிலும் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போடாதீர்கள், தின்பண்டம் வைத்துப் பரிமாறவும் வேண்டாம்.

வைக்கும் இடத்தில் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி, இடையில் அமிலமற்ற தாள் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதிலுள்ள அமிலம் ஈரம் பட்டால் துருவைத் தூண்டும். சுவரில் மாட்டுவதானால் ஸ்பிரிங் கொக்கியின் முனையில் ரப்பர் உறை இருக்க வேண்டும். 500 கிராம் எனாமலுக்கு இழுவிசை குறைந்த கொக்கியையே தேர்ந்தெடுங்கள், இறுகினால் விளிம்புச் சில்லு உறுதி. ஹாப் இலை லித்தோ என்றால் வெயில் எட்டாத சுவர்.